விட்டுப் போன தகப்பன்: பிள்ளையின் காப்பாளர் உரிமையைச் சட்டப்படி உறுதி செய்வது எப்படி?

சட்ட உதவி மையத்து மேசைக்கு எதிரே உட்கார்ந்த அந்தப் பெண், மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து வைத்தார். மகளின் பிறப்புச் சான்றிதழ், லேமினேஷன் ஓரம் பிரிந்துபோன ஆதார், ரப்பர் பேண்ட் போட்ட ரேங்க் கார்டுகள். 'பெற்றோர் கையொப்பம்' என்ற கட்டத்தில் எல்லா மாதமும் ஒரே கையெழுத்துதான், அவருடையது. திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று கணவர் கிளம்பி ஆறு வருடம் ஆகிறதாம். "அப்பாங்கற உரிமைய ரத்து பண்ணணும் மேடம். அதுக்கு எந்த ஃபாரம்?" என்று கேட்டார்.

அப்படி ஒரு ஃபாரம் நம் நாட்டில் கிடையாது. போனில் தேடினால் அமெரிக்க மாநிலங்களின் படிவங்கள் வந்து நிற்கும். அங்கே நீதிமன்றமே தாய் தகப்பன் என்ற உறவைச் சட்டப்படி துண்டிக்க முடியும். இந்தியச் சட்டத்தின் வழி வேறு. அந்தப் பெண்ணுக்கு உண்மையில் தேவைப்பட்டது இங்கேயும் கிடைக்கும், ஆனால் அதன் பெயர் வேறு, வாசலும் வேறு. தன்னார்வலராக அந்த மேசையில் உட்கார்ந்து பலருக்கும் சொன்னதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல. உங்கள் வழக்கை உங்கள் வக்கீல்தான் நடத்த வேண்டும். அவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும், எதைக் கையில் கொண்டு போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

கஸ்டடி என்றால் பிள்ளை யாரிடம் வளர்வது என்பது. கார்டியன், அதாவது காப்பாளர், என்றால் பிள்ளைக்காக முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுவது யார் என்பது. மூன்றாவது, பிறப்பால் வந்த உறவு. சொத்தில் பங்கும் ஜீவனாம்சமும் பிள்ளைக்கு வருவது இந்த உறவால்தான்.

முதல் இரண்டையும் நீதிமன்றம் உங்கள் பெயருக்கு எழுதித் தரும். மூன்றாவது, தத்து கொடுத்தால் மட்டுமே மாறும். "உறவே வேண்டாம், அடியோடு அறுத்துவிடுங்கள்" என்று கோபத்தில் வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: அறுத்தால் நஷ்டம் அவருக்கு இல்லை, பிள்ளைக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனும் மகளும் தகப்பனின் முதல் வகுப்பு வாரிசுகள். தாத்தாவின் பூர்வீகச் சொத்தில் பங்கு இருந்தால் அதுவும் இந்த உறவு வழியாகத்தான் வந்து சேரும். ஆள் ஓடிப்போனதால் பங்கு ஓடிப்போவதில்லை.

சட்டத்தில் தாயின் இடம்

1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், பிரிவு 6, மைனரின் இயற்கைக் காப்பாளர் "தகப்பன், அவருக்குப் பிறகு தாய்" என்கிறது. 'அவருக்குப் பிறகு' என்றால் அவர் இறந்த பிறகு என்றே பல காலம் பொருள் கொண்டார்கள். 1984-இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தார். தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 'பிறகு' என்பதற்கு 'அவர் இல்லாத நிலையில்' என்று பொருள் என்றது நீதிமன்றம். பிள்ளை விஷயத்தில் அவர் முழு அலட்சியமாக இருப்பது, பிள்ளை தாயின் பொறுப்பில் மட்டுமே வளர்வது, தூரத்தாலோ நோயாலோ அவரால் கவனிக்க முடியாமல் போவது, இவை எல்லாமே 'இல்லாத நிலை'தான். அந்த நிலையில் தாயே இயற்கைக் காப்பாளர்.

இந்த ஒரு தீர்ப்பை மட்டும் மறக்காதீர்கள். "அப்பா உயிரோட இருக்காரா? அப்போ அவர்தான் வரணும்" என்று எந்தக் கவுண்டரில் சொன்னாலும் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

திருமணமாகாத தாய் என்றால் நிலை இன்னும் தெளிவு. அதே பிரிவு 6, முதலில் தாய் என்றே சொல்கிறது. 2015 ஜூலையில் திருமணமாகாத ஒரு கிறிஸ்தவத் தாயின் வழக்கில், அவரைக் காப்பாளராக நியமிக்கத் தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பவோ அவர் பெயரை வெளியிடவோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப்பட்ட தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

முஸ்லிம் குடும்பங்களில் தனிநபர் சட்டப்படி சிறு வயதில் வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு, காப்பாளர் என்ற இடம் தகப்பனுக்கு. ஆனால் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. அதன் கீழ் எந்த மதத்துத் தாயும் மனு போடலாம். இனி நான் சொல்லும் படிகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தைச் சார்ந்தவை.

படி 1: எதற்காக வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் நேராக கோர்ட்டுக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். வருகிறவர்களில் பலருக்கு நீதிமன்ற உத்தரவே தேவைப்படாது.

பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமா? 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்திவிட்டார்கள். தாய் பெயர் மட்டும் கொடுத்து விண்ணப்பிக்கலாம். ஒரு பெற்றோரின் சம்மதம் கிடைக்காதபோது கொடுக்க 'அனெக்ஸர் சி' என்ற உறுதிமொழி இருக்கிறது. கணவர் விட்டுப் போனது, விவாகரத்து ஆகாமல் பிரிந்திருப்பது போன்ற நிலைமைகளுக்கு அதில் இடம் உண்டு. பான் கார்டா? தாய் தனியாக வளர்க்கும் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் கட்டாயமில்லை என்பது 2018 டிசம்பர் முதல் நடைமுறை. வங்கியில் மைனர் கணக்கு தொடங்கத் தாயே காப்பாளராக இருந்தால் போதும். பள்ளி மாற்ற வேண்டும், டி.சி. தாமதமாகிறது என்றால், கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்கு அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ டி.சி. வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது.

நீதிமன்றம் தேவைப்படுவது வேறு இடங்களில். அவர் திடீரென வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம். வெளிநாட்டு விசாவுக்கு, தகப்பன் சம்மதம் அல்லது கோர்ட் உத்தரவு என்று தூதரகம் கேட்பது. பிள்ளை பெயரில் உள்ள நிலத்தை விற்க வேண்டிய கட்டாயம். இரண்டாம் திருமணம் செய்து, புதுக் கணவர் பிள்ளையைத் தத்தெடுக்க விரும்புவது. தாயும் இல்லாமல் தாத்தா பாட்டி வளர்ப்பது. இந்தக் கடைசி நிலையில் உத்தரவு மிக அவசியம். காப்பாளராக விரும்பும் யாரும், உறவினரோ நண்பரோகூட, மனு போடலாம் என்கிறது 1890 சட்டத்தின் பிரிவு 8. பேரனை எட்டு வருடம் வளர்த்தும் கையில் ஒரு காகிதம்கூட இல்லாத பாட்டிகளைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

படி 2: 'இல்லை' என்பதற்குச் சான்று சேர்ப்பது

இதில்தான் நிதானமாக நேரம் செலவழிக்க வேண்டும். ஒருவர் வந்தார், அடித்தார், பணம் கொடுத்தார் என்று நிரூபிக்க வழி உண்டு. வரவில்லை, கேட்கவில்லை, கொடுக்கவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? இத்தனை வருடமும் நீங்கள் மட்டுமே செய்திருக்கிறீர்கள் என்று காட்டுவதன் மூலம்தான்.

அந்தப் பெண்ணின் ரேங்க் கார்டுகளை ஒதுக்கி வைக்கப் போனார்கள். "இது வெறும் மார்க் மேடம்" என்றார் அவரே. நான் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கையெழுத்துக் கட்டத்தைக் காட்டினேன். மாதா மாதம் ஒரே பெயர், ஐந்து வருடம். பள்ளியே வைத்திருக்கும் சாட்சி அது. அதே போலத்தான் பள்ளிக் கட்டண ரசீதுகள், தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் 'உடன் இருந்தவர்' என்ற இடம், உங்கள் சம்பளம் வரும் பாஸ்புக், வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டு. எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அவர் காணாமல் போனபோது காவல் நிலையத்தில் புகார் கொடுத்தீர்களா? புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது இருந்தால் அது தங்கம். கொடுக்கவில்லை என்றால் இப்போதாவது கொடுத்து ரசீது வாங்குங்கள். கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள், என்ன செலவு, நீங்கள் வந்து பாருங்கள் என்று திட்டாமல் எழுதுங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் ஸ்பீட் போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், தபால் நிலையத்தில் ஒப்புகைச் சான்று வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். 'விலாசதாரர் இல்லை' என்று கவர் திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். பிரித்துவிட்டால் அதன் மதிப்பு குறையும்.

வாட்ஸ்அப் செய்திகளைக் காட்டப் போகிறீர்கள் என்றால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 2023, பிரிவு 63-இன் கீழ் ஒரு சான்று இணைக்க வேண்டும். வக்கீல் தயார் செய்வார். நீங்கள் செய்ய வேண்டியது அந்த போனை விற்காமல், ரீசெட் செய்யாமல் வைத்திருப்பது.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அவர் போன தேதி, கடைசியாகப் பேசிய தேதி, கடைசியாகப் பணம் அனுப்பிய தேதி, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்கள், யாரிடம் சொல்லி அனுப்பினீர்கள் என்பதையெல்லாம் வரிசையாக எழுதுங்கள். கூண்டில் நிற்கும்போது தேதி தடுமாறாமல் இருக்க இது உதவும்.

படி 3: எந்தக் கதவைத் தட்டுவது

விவாகரத்தும் கேட்கப் போகிறீர்கள் என்றால் தனி வழக்கு தேவையில்லை. இந்து திருமணச் சட்டத்தில், மனு போடுவதற்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கைவிட்டிருந்தால் அது விவாகரத்துக்குக் காரணம். அதே வழக்கில் பிரிவு 26-இன் கீழ் பிள்ளையின் கஸ்டடி, படிப்பு, செலவு எல்லாம் கேட்கலாம். இரண்டு வழக்குக்கு இரண்டு மடங்கு வாய்தா அலைய வேண்டாம்.

விவாகரத்து வேண்டாம், காப்பாளர் உத்தரவு மட்டும் போதும் என்றால் 1890 சட்டத்தின் கீழ் மனு. பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர் எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ அங்கே போட வேண்டும். அவர் கடைசியாக இருந்த ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கே, இல்லாத ஊரில் மாவட்ட நீதிமன்றத்தில். பிள்ளையின் சொத்து பற்றிய மனுவானால் மாவட்ட நீதிமன்றம். வக்கீல்கள் பேச்சில் இந்தக் காப்பாளர் மனு 'ஜி.டபிள்யூ.ஓ.பி.' (கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஒரிஜினல் பெட்டிஷன்). அந்தச் சொல்லை நீங்கள் பயன்படுத்தினாலே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வார்கள்.

அடி உதை நடந்திருந்தால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், பிரிவு 21-இன் கீழ் தற்காலிக கஸ்டடி வேகமாகக் கேட்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் தொடங்குங்கள்.

பணம் இல்லை என்பதற்காக நின்றுவிடாதீர்கள். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அந்த ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. உதவி எண் 15100.

படி 4: மனுவில் என்ன எழுதுவது

1890 சட்டத்தின் பிரிவு 10 கேட்பவை: பிள்ளையின் பெயர், பாலினம், மதம், பிறந்த தேதி, வசிக்கும் இடம், சொத்து ஏதும் உண்டா, இப்போது யாரிடம் இருக்கிறது, நெருங்கிய உறவினர் யார், எங்கே இருக்கிறார்கள், முன்பு இதே போல மனு போட்டதுண்டா, என்ன காரணத்தால் கேட்கிறீர்கள். காப்பாளராக இருக்கச் சம்மதம் என்று நீங்கள் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட ஒரு உறுதிமொழியும் சேர்க்க வேண்டும்.

சிக்கலான இடம் பிரிவு 19. பெற்றோரில் ஒருவர் உயிருடன் இருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, வேறொருவரைப் பிள்ளைக்குக் காப்பாளராக நியமிக்க அந்தப் பிரிவு இடம் தருவதில்லை. ஆகவே அவர் ஏன் தகுதியற்றவர் என்று காட்ட வேண்டும். இங்கேதான் ஆத்திரம் எழுத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு வரைவு மனுவில் "எதிர்மனுதாரர் பொறுப்பற்றவர், குடிகாரர், மனசாட்சி இல்லாதவர்" என்று ஒரு பக்கம் ஓடியது. அதை அடித்துவிட்டு இப்படி எழுதினோம்: "இன்ன தேதி வீட்டை விட்டுச் சென்றார். அதன்பின் ஒரு முறையும் மகளைப் பார்க்கவில்லை. ஐந்து கல்வியாண்டுகளின் கட்டணத்தையும் மனுதாரரே செலுத்தினார். மகள் டெங்கு காய்ச்சலில் ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தபோது, தகவல் சொல்லியும் வரவில்லை." நான்கே வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் பின்னால் இருக்கிறது. நீதிபதிக்கு வேண்டியது அதுதான்.

இந்து மைனர் காப்பாளர் சட்டத்தின் பிரிவு 13-ஐயும் உங்கள் மனு தொட வேண்டும். பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது அது. மனு முழுக்க அவரைப் பற்றியே இருந்தால் பிள்ளை காணாமல் போய்விடும். எந்தப் பள்ளி, யார் வீட்டில் இருந்து கவனிக்கிறார்கள், சாயங்காலம் டியூஷன் எங்கே, என்ன விளையாடுகிறாள் என்பதெல்லாம் மனுவில் வரட்டும்.

படி 5: ஆளையே காணோம், நோட்டீஸ் எப்படி?

பிரிவு 11-படி தாய் தகப்பனுக்கு நோட்டீஸ் போக வேண்டும். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டாலும் வழக்கு நின்றுவிடாது. கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு நோட்டீஸ் போய், 'ஆள் இல்லை' என்று திரும்பினால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 5, விதி 20-இன் கீழ் மாற்று வழியில் அறிவிக்க அனுமதி கேட்கலாம். நீதிமன்றப் பலகையிலும் அவர் கடைசியாக இருந்த வீட்டுக் கதவிலும் ஒட்டுவார்கள், அல்லது அந்தப் பகுதியில் வரும் நாளிதழில் விளம்பரம் கொடுக்கச் சொல்வார்கள். 'பேப்பர் பப்ளிகேஷன்' என்பது இதுதான். விளம்பரச் செலவு உங்களுடையது. இலவச சட்ட உதவியில் போகிறவர்கள் இந்தச் செலவை ஆணைக்குழு ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வளைகுடா நாட்டுக்குப் போய்த் தொடர்பை அறுத்துக்கொண்டவர் என்றால் கடைசி விலாசம், வேலை செய்த கம்பெனி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எண் எல்லாவற்றையும் மனுவில் எழுதுங்கள். நீதிமன்ற அனுமதியோடு அந்த வழிகளிலும் அனுப்பலாம்.

கெஞ்சிக் கேட்கிறேன், தெரிந்த விலாசத்தை மறைக்காதீர்கள். "அவருக்குத் தெரியாமலேயே முடிச்சிடலாம்க்கா" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அவர் வராமல் எக்ஸ்பார்ட்டி உத்தரவு வாங்கிவிடலாம்தான். ஆனால் நோட்டீஸ் முறையாக வந்து சேரவில்லை என்று காட்டினால், தனக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யச் சொல்லி அவர் மனு போட முடியும். அப்போது அலைந்த அலைச்சல் எல்லாம் வீண். உங்கள் வார்த்தைக்கு இருந்த மதிப்பும் போய்விடும்.

அவர் வரவில்லை என்றாலும் உத்தரவு தானாக வந்துவிடாது. நீங்கள் பிரமாண வாக்குமூலம் கொடுத்து, கூண்டில் ஏறி, ஆவணங்களை ஒவ்வொன்றாக எண்ணிட்டுச் சேர்க்க வேண்டும். அந்த நாளில் எல்லாவற்றின் அசலும் கையில் இருக்கட்டும். எப்படியும் ஒரு வருடம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சீக்கிரம் முடிந்தால் சந்தோஷம்.

படி 6: பிள்ளையிடம் நீதிபதி பேசும் நாள்

சுயமாக விருப்பம் சொல்லும் அளவுக்கு முதிர்ச்சி வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கருத்தில் கொள்ளலாம் என்று பிரிவு 17 சொல்கிறது. தன் அறையில் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சிலரும் பேசலாம்.

பிள்ளைக்கு வசனம் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் "எதிர்மனுதாரர் எங்களைப் பராமரிக்கவில்லை" என்று சொன்னால், அது யாருடைய வாக்கியம் என்று யாருக்கும் தெரியும். "ஜட்ஜ் அம்மா உன்கிட்ட ஸ்கூல் பத்தி, வீட்டப் பத்தி கேப்பாங்க, உனக்குத் தோணுறத சொல்லு, எது சொன்னாலும் தப்பில்ல" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அப்பாவைப் பார்க்க ஆசை என்று பிள்ளை சொன்னால்கூட வெளியே வந்ததும் கோபிக்காதீர்கள். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் அந்த வராண்டாவில் மதியம் வரை வாடிப் போகிறார்கள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், படம் வரைய ஒரு நோட்டு கொண்டு வாருங்கள்.

படி 7: அவர் திடீரென வந்து நின்றால்

நோட்டீஸ் கண்டதும் பலருக்குத் தகப்பன் பாசம் பொங்குகிறது. சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். வருடக்கணக்கில் வராதவர் என்பதால் பார்க்கும் உரிமையே இல்லை என்று நீதிமன்றம் எளிதில் சொல்லாது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நீதிமன்ற வளாகத்துக் குழந்தைகள் அறையில், உங்கள் கண் முன்னால் என்ற மாதிரி ஏற்பாட்டைக் கேளுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் அதற்கான ஆதாரத்தோடு ஆட்சேபியுங்கள்.

வந்தவரிடம் செலவையும் கேளுங்கள். ஜீவனாம்சத்துக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த பிரிவு 125, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 144. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இருவரும் சொத்து, வருமானம் பற்றிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்றும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்றும் சொன்னது. உத்தரவு வந்த பிறகு அவர் கட்டவில்லை என்றால், தொகை பாக்கியான ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும். இந்தக் கெடுவைத் தவற விட்டுப் பணத்தை இழந்த தாய்மார் உண்டு.

"பிள்ளையை முழுசா உன்கிட்டயே விட்டுடறேன், ஆனா எந்தச் செலவும் கேக்க மாட்டேன்னு எழுதிக் கொடு" என்று பஞ்சாயத்தில் பேசுவார்கள். நிம்மதி கிடைத்தால் போதும் என்று கையெழுத்துப் போடத் தோன்றும். போடாதீர்கள். அந்தப் பணம் உங்களுடையது இல்லை, பிள்ளையுடையது. நோட்டரி முத்திரை குத்திய வெள்ளைத் தாளில் "தகப்பன் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று அவர் எழுதித் தந்தாலும் அது காப்பாளர் உத்தரவுக்கு ஈடாகாது. அதை ஒரு சான்றாக மனுவோடு சேருங்கள், அவ்வளவுதான்.

படி 8: உத்தரவு கைக்கு வந்த பிறகு

சான்றிட்ட நகல் மூன்று நான்காவது வாங்கிவிடுங்கள். பள்ளி, வங்கி, பாஸ்போர்ட் அலுவலகம் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள். அசலை எங்கும் விட்டுவிட்டு வராதீர்கள்.

உத்தரவில் உங்களுக்குக் கட்டுப்பாடும் உண்டு. நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அனுமதி இல்லாமல் பிள்ளையை அந்த நீதிமன்ற எல்லைக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தக் கூடாது என்பது 1890 சட்டத்தின் பிரிவு 26. வேறு ஊருக்கோ நாட்டுக்கோ போகும் எண்ணம் இருந்தால் மனுவிலேயே அந்த அனுமதியைக் கேட்டுவிடுங்கள். பிள்ளையின் நிலத்தையோ வீட்டையோ விற்க, அடமானம் வைக்க, நீதிமன்றத்தின் முன் அனுமதி கட்டாயம். இயற்கைக் காப்பாளரான தாய்க்கும் இது பொருந்தும்.

அடுத்து இனிஷியல். நம் ஊரில் இது சின்ன விஷயமே இல்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தினமும் அந்த எழுத்து காதில் விழுகிறது. தாயின் பெயரை இனிஷியலாக வைக்கலாம். பிள்ளையின் குடும்பப் பெயர் எது என்று முடிவு செய்ய, ஒரே இயற்கைக் காப்பாளராக இருக்கும் தாய்க்கு உரிமை உண்டு என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தகப்பன் இறந்துபோன ஒரு வழக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் உயிருடன் இருக்கும்போது காப்பாளர் உத்தரவு உங்கள் கையை வலுப்படுத்தும். மாற்றத்தை அரசிதழில் வெளியிட்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகும் முன்பே பள்ளிப் பதிவில் ஏற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு மாற்றுவது பெரும் பாடு. பத்து வயது தாண்டிய பிள்ளையானால் அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மறுமணமும் தத்தும்

புதுக் கணவர் பிள்ளையைத் தத்தெடுத்தால், பழைய உறவு சட்டப்படி முடிந்து புது உறவு தொடங்கும். அமெரிக்கப் படிவத்தில் தேடியது இங்கே கிடைப்பது ஏறத்தாழ இந்த ஒரு வழியில்தான். ஆனால் பெற்ற தகப்பனின் சம்மதம் என்ற கதவு குறுக்கே நிற்கிறது. இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம், பிரிவு 9, துறவறம் பூண்டவர், இந்து மதத்தை விட்டவர், மனநலம் சரியில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தவர் ஆகியோரின் சம்மதம் மட்டும் தேவையில்லை என்கிறது. காணாமல் போனவர் அந்தப் பட்டியலில் இல்லை. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடைவெளி. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் மாற்றாந்தகப்பன் தத்துக்கு, மத்திய தத்து ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவு பிறப்பிப்பது மாவட்ட ஆட்சியர். அங்கேயும் சம்மதம் கேட்பார்கள், கஸ்டடி வழக்கு நிலுவையில் இருந்தால் அது முடியட்டும் என்பார்கள். எனவே காப்பாளர் உத்தரவை முதலில் வாங்கிக்கொண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேளுங்கள். அவசரப்பட்டு வீட்டிலேயே பத்திரம் எழுதி முடிக்காதீர்கள்.

ஏழு வருடம் ஆகியும், இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே அவர் உயிருடன் இருப்பதாகத் தகவல் இல்லை என்றால் நிலைமை மாறும். புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 111-படி, உயிருடன் இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சிவில் நீதிமன்றத்தில் அறிவிப்பு வாங்கினால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வரை போகலாம். ஆறாவது வருடத்தில் இருந்த அந்தப் பெண்ணுக்கு சி.எஸ்.ஆர். ரசீதைப் பத்திரப்படுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் இல்லாமல் போனால்?

கேட்கவே கஷ்டமான கேள்வி. ஆனால் கேட்க வேண்டும். உங்களுக்கு ஏதாவது ஆனால், உயிருடன் இருக்கும் தகப்பன் வந்து பிள்ளையைக் கேட்க முடியும். உங்களுக்குப் பிறகு யார் வளர்க்க வேண்டும், ஏன் என்று உயிலில் எழுதி இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திடுங்கள். அவர் உயிருடன் இருக்கும்வரை அந்த உயில் ஒன்றே முடிவைத் தீர்மானிக்காது. ஆனாலும் உங்கள் அம்மாவோ தங்கையோ அதே 1890 சட்டத்தின் கீழ் மனு போடும்போது, தாயின் விருப்பம் எழுத்தில் நீதிபதி முன் இருக்கும். மஞ்சப்பையில் உள்ள எல்லாவற்றின் நகலும் அவர்களிடம் ஒரு செட் இருக்கட்டும்.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் காப்பாளர் உத்தரவு தானாக முடிகிறது. அன்று அந்தக் கோப்பை அவளிடமே கொடுங்கள். அனுமதி இல்லாமல் யாராவது அவள் சொத்தை விற்றிருந்தால், அதை எதிர்த்து வழக்குப் போட அவளுக்கு அன்றிலிருந்து மூன்று வருடம் இருக்கிறது.